பதினோராவது பங்கு

ஜெயபாண்டி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் கால்நடை மருந்தகத்தில் சீட்டு எழுதுகிறவன் நான். எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்பதால் அந்த நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். அவர் ஒரு நாட்டு நாயை ஏந்தி வந்து என் மேஜைமேலேயே கிடத்தினார்.

"அண்ணே, மொதல்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"இதுக்குத் தையல் போடு தம்பி. நான் உசுரோட நிக்கிறதே இதாலதான்."

நாயின் பெயர் ரோசி. முன்னங்காலைக் கண்ணாடி கிழித்திருந்தது.

கட்டு மாற்ற வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குட்டியானை லோடு வண்டியில் தேங்காய் ஏற்றி மதுரைக்குப் போயிருக்கிறார். பக்கத்து சீட்டில் எப்போதும்போல ரோசி. நாலுவழிச் சாலையில் அது கதவைப் பிராண்ட, ஓரங்கட்டி இறக்கிவிட்டார். பின்னால் மொபெட்டில் வந்த பங்காளி பேயாண்டி வேகத்தைக் குறைத்தார்.

"என்னடா, நாய்க்கு டிரைவரா ஆயிட்டியா? நிக்கவா?"

"நீ போண்ணே, பின்னாடியே வாரேன்."

பேயாண்டி போனார். ரோசியைத் தூக்கி சீட்டில் வைக்கும்போது, எதிர்ச்சாலையில் வந்த டிப்பர் லாரி நடுத்தடுப்பில் ஏறிக் குதித்து வந்தது. குட்டியானைக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. தெறித்த கல்லில் கண்ணாடி நொறுங்கியது.

"கருப்பா, காப்பாத்திட்ட! கிடா வெட்டுறேன்!" என்று கத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் டிப்பருக்கு அடியில் பேயாண்டியின் பச்சைத் துண்டைப் பார்த்தார்.

பங்காளி வீட்டுச் சாவு. ஒரு வருசம் கோயிலில் கிடா வெட்ட முடியாது. வருசம் கழிந்ததும் வெட்டியாக வேண்டும், வாய்விட்டு வேண்டியாயிற்று. வெட்டினால் கறியைப் பங்காளி வீடுகள் பதினொன்றுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும், பேயாண்டி வீடு உட்பட. தான் சாகாததற்கு வெட்டிய கறியைச் செத்தவன் வீட்டுக்கு எந்த முகத்தோடு கொண்டுபோவது?

போன மாசம் வெட்டினார். பத்துப் பங்கைக் கொடுத்துவிட்டு, தூக்குவாளியோடு மருந்தகத்துக்கு வந்து நின்றார்.

"நீ படிச்சவன். கூட வந்து, போகச் சொன்னது நான்தான்னு மதினிகிட்டச் சொல்லிரு. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

போனேன். பேயாண்டியின் மனைவி சீனியம்மாள் வாசலில் விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அண்ணனே சொன்னார்.

"மதினி, அண்ணன் நிக்கவான்னு கேட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்."

விறகு ஒடிவது நின்றது.

"நிக்கவான்னா கேட்டாரு?"

"ஆமா மதினி."

"இருவது வருசத்துல எனக்காக ஒரு நாள் நின்னதில்ல அந்த மனுசன். ஓன் நாய்க்கு நிக்கப் பாத்தாராக்கும்."

அண்ணன் தூக்குவாளியை நீட்டினார். சீனியம்மாள் அதை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஈரல் வச்சியா?"

"வச்சிருக்கேன்."

"பிள்ளைக பசியா வரும்" என்று உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் நின்றோம். வாளி திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சீனியம்மாள் இப்போது திருமங்கலத்தில் ஒரு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போகிறார். ஜெயபாண்டி அண்ணன் அதே சாலையில் தேங்காய் ஏற்றிப் போகிறார். ரோசி வீட்டில் கிடக்கிறது. விபத்து நடந்த அன்றைக்குப் பிறகு அது வண்டியில் ஏறவில்லை.