படகுக்காரன் நல்லவன்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் பள்ளிக்கூடம் போனது தின்னப் பணிஸ் ரொட்டி கொடுக்கிற நாட்களில் மட்டும். நான் எங்கள் கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போய் உயர்தரம் வரை படித்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. என் பெயர் ஒருநாள் புத்தகத்தில் அச்சாகும் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். அச்சாகியும் விட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட வருடங்கள் முடியும் நேரம் அது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அங்கே போவேன். துப்பறியும் கதை எழுதுகிற தமிழர்கள் சிலர் அந்த நேரத்தில் ஓர் அரட்டை அறையில் கூடுவார்கள். தன் ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் ஆளுக்குப் பெயரும் கிடையாது, ஊர்தான் பெயர். மட்டக்களப்பு, மதுரை, டொரண்டோ, ஈப்போ. நான் சல்லி. மட்டக்களப்பு எல்லோருக்கும் மூத்தவர், கூட்டத்தை நடத்தியவர். ஈப்போ ஓர் ஆசிரியை, அவர் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் நாங்கள் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிடலாம்.

கதை சொல்வதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. எழுதியவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு வந்து, முடிவுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக, குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. பிறகுதான் முடிவு. அந்த வருடம் எல்லோருடைய கதைகளையும் சேர்த்து ஒரு புத்தகம் போடுவதென்று தீர்மானித்திருந்தார்கள்.

"இஞ்ச இல்லாத கொலையோ? அதுக்குக் கொம்பியூட்டருக்குப் போகோணுமோ?" என்று அம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்பாள். அப்பா அப்படியில்லை. சோறு சாப்பிடும்போது, "எங்கை, இந்தக் கிழமைக் கதையைச் சொல்லு" என்பார். என் கதையையும் முக்கால்வாசி அப்படித்தான் கேட்டார்.

அது எங்கள் கரையில் நடக்கிற கதை. கடலுக்குப் போகிறவர்கள் கரையிலிருந்த கடற்படைக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்துதான் எடுக்கலாம். கதையில் ஒரு படகுக்காரன் தன்னுடைய அட்டையையும் கூட வரும் இளைஞனுடைய அட்டையையும் சேர்த்துக் கொடுக்கிறான். மழை. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. விடியப் படகுக்காரன் தனியே திரும்பி, பொடியன் அலையில் விழுந்துவிட்டான் என்கிறான். அட்டை காவலரணிலேயே கிடக்கிறது. தாயும் பெண்சாதியும் ஊரும் அழுகிறார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் செருப்போடு படகில் கால் வைக்க மாட்டார்கள். கழற்றிக் கரையில் விட்டுத்தான் ஏறுவார்கள். அன்றைக்கு மணலில் கிடந்தது ஒரு சோடி மட்டுந்தான். குப்புறக் கவிழ்த்து வைத்த படகுக்காரனுடையது.

அப்பா சோற்றைக் குழைப்பதை நிறுத்தினார்.

"அப்ப பொடியன் படகிலயே ஏறேல்லை."

"ஓம்."

"படகுக்காரன் பொய் சொல்லுறான்."

"ஓம்."

"பிள்ளை, அந்தப் படகுக்காரன் என்னை மாதிரிக் கிடக்கு. செருப்பைக் குப்புறக் கவிட்டு வைக்கிறது நான்தானே?"

"உங்களை மாதிரித்தான் அப்பா."

"அவனைக் கெட்டவனாக்கிப் போடாத, என்ன?"

"இல்லை அப்பா. அவன் நல்லவன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முடிவை அவருக்கும் சொல்லவில்லை. முதலில் அரட்டை அறை, பிறகுதான் வீடு என்று வைத்திருந்தேன்.

என் முடிவில் கொலையே இல்லை. பொடியனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்த தாய், அவனைக் காட்டு வழியாக அனுப்பிவிட்டு, படகுக்காரனின் காலைப் பிடிக்கிறாள். கடல் எடுத்த ஆளை யாரும் தேடி வர மாட்டார்கள். அவள் மகனின் அட்டையைக் கொடுக்கிறாள். அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஊரெல்லாம் தன்னைச் சந்தேகிக்க, வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். கடைசி வரியில் தாய் அவனுக்கு ஒரு புதுச் செருப்புச் சோடி கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்த வரியில் எனக்கு அளவில்லாத பெருமை.

என் முறை வந்த ஞாயிறு, கதையைப் போட்டு நிறுத்தினேன். மதுரை உடனே பாய்ந்தார்.

"படகுக்காரன்தான். கரையிலேயே தீர்த்துட்டான். இதுக்கு எதுக்குங்க யோசனை?"

"நானும் அவனைத்தான் சொல்லுறன். பொடியன்ர பெண்சாதியில கண்" என்றார் டொரண்டோ அக்கா.

"செருப்பை மறந்தது பெரிய பிழை. படகுக்காரன்" என்றார் மட்டக்களப்பு.

"சல்லி மூச்சுக் காட்டல பாருங்க, மாட்டிக்கிச்சு!" என்றார் மதுரை.

நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். இத்தனை கொலை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே குழியில் விழுந்திருந்தார்கள். ஈப்போ மட்டும் மீதி. முடிவு முழுவதும் தட்டி, ஆயத்தமாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவர் தட்டுகிறார், தட்டுகிறார் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. சட்டத்தை மீறி நான் அழுத்தியிருக்கலாம். ஒருவரும் கோபித்திருக்க மாட்டார்கள். ஆனால் நான்காவது ஆளும் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

குடாவுக்கு அப்பாலிருந்து முதலாவது ஷெல் குண்டு வந்து துறைமுகப் பக்கம் விழுந்தது. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது விழுந்தபோது கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, எழும்புங்கோ. பூட்டப் போறன்."

"ஒரு நிமிஷம் அண்ணை, ஒண்டை அனுப்பிப்போட்டு—"

"என்னத்தை அனுப்புறது? உயிரைக் கொண்டு ஓடுங்கோ!"

அவர் பிரதான சுவிட்சை அணைத்தார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போனது.

அதற்குப் பிறகு நீண்ட காலம் நகரம் பாதி நாள் பூட்டித்தான் இருந்தது. குடாவுக்கு அக்கரையிலுள்ள கட்டைபறிச்சான் பக்கத்துச் சனம் பையோடும் பிள்ளைகளோடும் வந்து சேர்ந்தது. கடலுக்குப் போகத் தடை. அப்பா வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் கதையைப் பற்றிக் கேட்க அவருக்கும் மனம் வரவில்லை, சொல்ல எனக்கும் வரவில்லை. இன்டர்நெட் கடை திரும்பத் திறந்து நான் போனபோது, கடைக்காரர் மேசை லாச்சியிலிருந்து ஒரு பொதியை எடுத்துத் தந்தார். புத்தகத்துக்காக என் பெயரோடு கடை விலாசத்தைத்தான் நான் அவர்களுக்குக் கொடுத்திருந்தேன்.

புத்தகம். உள்ளே என் பெயர், அதற்குக் கீழே என் கதை. பெயருக்கு மேலே சின்ன எழுத்தில், "இந்தத் தங்கை இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் நிறுத்திய இடத்திலிருந்து நாங்கள் முடித்திருக்கிறோம்."

முடித்திருந்தார்கள். படகுக்காரன் பொடியனின் பெண்சாதிக்கு ஆசைப்பட்டு, கரையில் வைத்து மண்டாவால் குத்தி, மணலில் புதைக்கிறான். மீன் குத்துகிற மண்டா. கடைசியில் ஊர் அவனைப் பிடித்துக் கட்டி வைக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் பேசாமல் இருந்ததை ஆமென்று எடுத்துக்கொண்டார்கள். நான் செத்திருப்பேன் என்று நினைத்து, அன்போடு செய்த காரியம். அதனால் எனக்குக் கோபப்படவும் ஏலாமல் போயிற்று.

உயிரோடு இருக்கிறேன் என்று, என் முடிவையும் சேர்த்து மட்டக்களப்புக்கு எழுதினேன். "தங்கச்சி, வாசிச்சு அழுதிட்டன். முடிவை அடுத்த பதிப்பில மாத்துவம்" என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு வரவில்லை. ஞாயிறுகளில் அந்த அறையைத் திறந்து பார்ப்பேன். ஒருவரும் இல்லை. பிறகு அந்த அறையும் இல்லை.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அப்பா கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"வாசி."

வாசித்தேன். செருப்பு வரையும் அச்சில் இருந்ததை வாசித்தேன். அதற்குப் பிறகு கண்ணை அச்சில் வைத்துக்கொண்டு, தாள் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டி, என் முடிவைச் சொன்னேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. புதுச் செருப்புச் சோடி வந்தபோது அப்பா துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"தாய்க்காரி கெட்டிக்காரி. அப்ப பொடியன் உயிரோட இருக்கிறான்?"

"ஓம் அப்பா."

"எங்க?"

"தெரியாது."

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது" என்றவர், புத்தகத்தை அலுமாரியில் அம்மாவின் கூறைச்சேலைக்கு மேலே வைத்தார்.

கடல் திறந்ததும் கரையெல்லாம் அதே கதைதான். "என்ர பிள்ளை எழுதினது. அதில வாற படகுக்காரன் நான்தான்!" தாயின் தந்திரத்தையும் புதுச் செருப்பையும் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்வார். ஆனால் மதுரையிலும் டொரண்டோவிலும் அதே புத்தகத்தில் அப்பா கொலைகாரனாகக் கட்டுண்டு நிற்கிறார்.

அண்ணன் நிலாவெளியில் கலியாணம் முடித்தான். வந்த மச்சாளுக்கும் அப்பா முதல் நாளே தாயின் தந்திரத்தைச் சொல்லி முடித்திருந்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று அறிந்ததும் தானாகவே அலுமாரியைத் திறந்தார். நான் குசினியில் கறியை இறக்கிவிட்டு வருவதற்குள் புத்தகம் அவள் கையில்.

"வடிவா வாசி மருமகள். மாமாவைப் பற்றித்தான்."

அவள் முற்றத்தில் இருந்து வாசித்தாள். கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மச்சாள்... மாமாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அவள் புத்தகத்தை மூடினாள். அப்பா வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"என்ன மருமகள், முடிச்சாச்சோ? எப்பிடி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன்.

"தாய்க்காரி கெட்டிக்காரி மாமா" என்றாள்.

"நான் சொன்னன் தானே!" என்று சிரித்துவிட்டு அப்பா கரைக்குப் போனார்.