பிள்ளையைக் கும்பிட விடாத அமெரிக்கர்

எண்பதுகளின் நடுவில், வெம்பிளியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் அமெரிக்கர் குடிவந்தார். ஞாயிறு தவறாமல் மனைவி, மகளோடு சேர்ச்சுக்குப் போவார். மகள் என் வகுப்புத்தான். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் முழுவதும் மண்டபத்தில் கூடி இயேசுவைக் கும்பிடும்போது, அவள் மட்டும் நூலகத்தில் இருந்து படம் கீறுவாள். தகப்பனின் ஏற்பாடாம். சைவப் பிள்ளையான நானோ உரத்த குரலில் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இது பெரிய சந்தேகமாகிவிட்டது. அவர் ஏதோ புதுச் சபைக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்றார் அம்மா. உளவு பார்க்க அரசாங்கம் வைத்த ஆள் என்றார் சித்தப்பா. எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட காலம். அப்பா இரண்டையும் நம்பினார்.

ஒரு சனிக்கிழமை அவரே வந்து கதவைத் தட்டினார். காலையில் எல்லாரும் கும்பிடும் நேரத்தில் மகள் நூலகத்தில் தனியே இருக்கிறாள், என்னையும் அவளோடு இருக்க விடலாமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்திடம் பெற்றோர் ஒரு சொல் சொன்னால் போதுமாம். நான் ஆசையோடு மொழிபெயர்த்தேன்.

"இவர் வேதக்காரர்தானே? பிறகேன் பிள்ளையைக் கும்பிட விடுறாரில்லை எண்டு கேள்," என்றார் அப்பா.

அவர் பொறுமையாகச் சொன்னார். முன்னொரு காலத்தில் வர்ஜீனியாவில் அரசாங்கமே ஒரு சபையை வைத்திருந்ததாம். அதன் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக அவருடைய முன்னோர் ஒருவரைச் சிறையில் போட்டார்களாம். அதனால்தான் பிறகு, அரசாங்கம் மதத்தில் கைவைக்கக் கூடாது என்று சட்டம் எழுதினார்களாம். கும்பிடுவது வீட்டிலும் சேர்ச்சிலும்தான். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

"அப்ப அவையின்ர ஜனாதிபதி ஏன் பைபிளிலை கைவைச்சுச் சத்தியம் பண்ணுறார்?"

அமெரிக்கர் சிரித்துவிட்டார். காசிலும் கடவுளின் பெயர் இருக்கிறது, அந்தச் சண்டை அங்கே இன்னும் முடியவில்லை என்றார்.

அப்பாவின் சந்தேகம் இன்னும் இறுகியது. "ஓம், ஓம்" என்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

"எங்கட நாட்டிலை புத்த சமயத்துக்கு முதலிடம் எண்டு சட்டத்திலையே எழுதினவங்கள். இந்த அமெரிக்கர் எழுதாமல் செய்யினம். நீ வழமைபோலக் கண்ணை மூடு, பிள்ளை."

திங்கட்கிழமை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே அப்பா மேல் ஆத்திரம். அந்த மனிதரால் பள்ளிக்கூடத்திடம் ஏலாது என்று சொல்ல முடிகிறது, என் அப்பாவால் மட்டும் ஏன் முடியவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஏதும் பிரச்சினை வந்தால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.