மீன் இல்லாத வீட்டுக்கு வந்த மீன் தீனி

தனலட்சுமி அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. தபால் பை தோளில் இருக்கும்போதே மாரடைப்பு. கேட்டதும் சித்தப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கேஸு ஒழிஞ்சுதுண்ணா" என்று நைனாவிடம் சொன்னார். "நம்ம வயித்தெரிச்சல் சும்மா வுடுமா?"

சிங்கவரத்துக்குத் தபால் கொண்டுவந்த அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய படத்திறப்பில் படிக்கச் சொல்லி இதைத் தபால் ஆபீசில் கொடுக்கப் போகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் நோட்டை மூடிவிடுகிறேன். அக்கா யாருடைய வயிற்றெரிச்சலாலும் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் என் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. செஞ்சி கடைத்தெருவில் ஜிம் நடத்தும் சித்தப்பா, "ஜிம் பேர்ல வந்தா தொந்தரவு. உன் பேர்ல போட்டுக்கறேன், வாங்கி வை" என்று சொல்லியிருந்தார். கையெழுத்துக்காக அக்கா போனை நீட்டினார். விரலால் ஒரு கோடு இழுத்தேன்.

"இன்னாது இது, மண்புழுவா? இன்னா வந்திருக்குதுன்னு படி. படிச்சிட்டு முழுப் பேர எழுது."

மீன் தீனி என்று பெட்டியில் இருந்தது.

"மீன் எங்க இருக்குது?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் இருப்பது மாட்டுத் தொட்டிதான். "அதுல வுட்டிருக்கீங்களா? மாடு முழுங்கிடப் போவுது."

அதன்பின் பெட்டி வரும்போதெல்லாம், "மீன் வளந்துச்சா?" என்பார். நான்கு பெட்டிகளுக்கு நாங்கள் சிரித்தோம்.

பிறகு, போலீஸ் தேர்வுக்காக ஜிம்மில் உடம்பு ஏற்றிக்கொண்டிருந்த அனந்தபுரத்து அண்ணன் ஒருவர், கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். சித்தப்பா கொடுத்த ஸ்டீராய்டு ஊசி என்று ஊரே பேசியது. ஐந்தாவது பெட்டியை அக்கா என்னிடம் கொடுக்கவில்லை. "இதுல உன் பேரு இருக்குது பாப்பா. நாளைக்கு உன்னத்தான் கேப்பாங்க" என்று சொல்லி, திருப்பி எடுத்துப்போய் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார்.

சென்னையிலிருந்து சுங்க அதிகாரிகள் வந்தார்கள். "இந்த ஊசி மருந்த மீன் தீனி, முகப் பவுடர்னு பேர் போட்டு பல நாட்டுக்கு அனுப்பறாங்க. அனுப்பறவங்கள அங்க தேடறாங்க. இங்க யாருக்காக வந்துச்சுன்னு யாராவது சொல்லணும்" என்றார் ஒரு பெண் அதிகாரி. சித்தப்பா தனக்குத் தெரியாது என்றார். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. நான் வாங்கிய பெட்டிகளை அவர் பைக்கில் ஏற்றியதைப் பார்த்ததாக அக்கா சொன்னார்.

மறுநாள் கடைத்தெருவில் சித்தப்பா அக்காவின் சைக்கிளை மறித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பொம்பள, தனியா ஊர் சுத்தற. பாத்துக்கோ."

"ஆமா, நாலு ஊரு சுத்தறேன். நாலு ஊர்லயும் சொல்லுவேன். வழிய வுடு, தபாலு இருக்குது."

சித்தப்பா வழி விட்டார்.

நேற்று அவர் எனக்குப் பரோட்டா வாங்கிவந்தார். "இனிமே நீ வாயத் தொறக்கலன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது பாப்பா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நான்கு பெட்டிகளை வாங்கியவள் நான். பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவர் என் சித்தப்பா. அந்த அதிகாரியிடமும் இதையே சொல்வேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எழுதியதை முழுவதும் படித்துவிட்டேன். கோடு இழுக்கவில்லை.

ச. வெண்ணிலா
பதினோராம் வகுப்பு
சிங்கவரம்