தப்பு விடைகளின் வாத்தியாரம்மா

யாஷ் நகரத்துக் கல்லூரி ஒன்றின் பதிவேட்டில் ஸ்மரந்தாவைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "மருந்தியல் முதலாண்டு. கரிம வேதியியலில் தேறவில்லை. ஆய்வகத்துக்கு ஒழுங்காக வருவதில்லை. பாடத்தில் ஆர்வம் போதாது."

ஆர்வம் போதாத இந்தப் பெண்ணிடம் கரிம வேதியியலும் உயிரியலும் கற்க, மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் விடுதிப் படிக்கட்டில் காத்திருந்தார்கள். அவர்கள் பள்ளி விட்டு வரும் நேரமும் அவளுடைய ஆய்வக நேரமும் ஒன்றாகிப்போயின. வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போய் அவளுக்கு வேதியியல் போயிற்று.

எங்கள் ஊரில் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது என்றால் கேள்வித் தொகுப்பைக் கரைத்துக் குடிப்பதுதான். இந்தக் கேள்விக்கு 'இ', அந்தக் கேள்விக்கு 'ஆ'. ஸ்மரந்தாவோ சரியான விடையைக் கேட்கவே மாட்டாள். ஐந்து விடைகளில் மற்ற நான்கும் ஏன் தப்பு என்றுதான் கேட்பாள்.

ரலூகா அவளிடம் வந்தபோது இரண்டு முறை தோற்றிருந்தாள். இந்த ஜூலையிலும் தவறினால், அப்பாவின் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைதான். தேர்வு நெருங்கிய வேளையில், அவள் அம்மா வியோரிகா பார்லரில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது சேதி காதில் விழுந்தது. சாயம் காய்ந்தும் காயாமலும், மகள் பாடம் படித்துக்கொண்டிருந்த விடுதிச் சமையலறைக்கு வந்து நின்றார்.

"நீயே ஃபெயிலாமே?"

"ஆமாங்க. செப்டம்பர்ல திரும்ப எழுதணும்," என்றாள் ஸ்மரந்தா.

மறுப்பாள் என்று நம்பி வந்த வியோரிகா பேச்சை மாற்றினார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் பேசி முடித்தாயிற்று, நாளையிலிருந்து மகள் அங்கேதான் என்றார். தப்பு விடையைச் சொல்லித்தர ஒரு வாத்தியாரம்மாவா என்றும் குத்தினார். ஸ்மரந்தா மேசையில் கிடந்த நோட்டுகளை அடுக்கி ரலூகா பக்கம் தள்ளினாள்.

ரலூகா அவற்றைத் தொடவில்லை. "இவங்க ஃபெயிலானது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்மா. அவங்களே சொன்னாங்க. பாஸானவங்ககிட்டப் படிச்சு ரெண்டு வாட்டி கோட்டை விட்டேனே, அப்ப நீ யாரையும் கேக்கலையே?"

வியோரிகா மேசையிலிருந்த கேள்வித் தொகுப்பைப் பிரித்து, கண்ணில் பட்ட கேள்வியை நீட்டினார். ரலூகா நேராகச் சரியான விடைக்குப் போகாமல், தப்பு விடைகளில் தொடங்கினாள்.

"முதல்ல இருக்கறது தப்பு. டொலுயீன் வளையத்துல புரோமின் ஏறணும்னா இரும்பு புரோமைடு வேணும். இங்க வெறும் வெளிச்சம்னு போட்டிருக்கான். வெளிச்சத்துல அது வளையத்தைத் தொடாது, பக்கத்துல தொங்கற சங்கிலிக்குப் போயிடும்."

அடுத்த மூன்றையும் அப்படியே கழித்துக் கட்டிவிட்டு, மிஞ்சியதன்மேல் விரலை வைத்தாள். தாய்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பரீட்சைப் பேச்சு எடுத்தாலே குரல் இறங்கிவிடும் மகள் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை என்பது விளங்கியது. ஸ்மரந்தாவுக்கும் அது விளங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"பேராசிரியர்கிட்ட இப்ப நான் என்னத்தைச் சொல்றது?" என்று முனகியபடி வியோரிகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜூலையில் ரலூகா மருத்துவத்தில் இடம் பிடித்தாள். செப்டம்பரில் ஸ்மரந்தா, விட்டுப்போன ஆய்வக வேலைகளை முடித்து, கரிம வேதியியலை எழுதித் தேறினாள்.