ஒழிக்க வந்த தலைவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் கல்யாணசுந்தரத்துக்கு இலங்கையின் ஜனாதிபதி முறை என்றாலே பொல்லாத கோபம். வெண்டிக்காய் நிறுக்கும்போதும் அதே கதைதான்.

"முந்திப் பிரதமர்தான் நாட்டை ஆண்டவர், ஜனாதிபதி சும்மா பொம்மை. எழுபத்தெட்டிலை அரசியல் யாப்பை மாத்தி, சனம் நேரை வோட்டுப் போடுற ஜனாதிபதியிட்டை அதிகாரத்தைக் குடுத்தாங்கள். பிரதமர் பாராளுமன்றத்தையும் சமாளிக்கவேணும், அவருக்கும் தலையாட்டவேணும். ஒரு வீட்டிலை ரெண்டு குடும்பத்தலைவர்!"

வாங்க வந்தவர்கள் வெண்டிக்காயோடு தப்பி ஓடுவார்கள்.

இப்படிப்பட்டவர்கள் லண்டனில் ஊர்ச்சங்கத்துக்கு யாப்பு எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கும்? எந்த யாப்பைத் திட்டித் திட்டி விமானம் ஏறினார்களோ, அதையே பார்த்து எழுதினார்கள். வேறொன்றும் தெரியாது, பாவம். தலைவருக்கு எல்லா அங்கத்தவரும் வாக்களிப்பார்கள். செயலாளரைச் செயற்குழு தெரிவுசெய்யும். குழுவைக் கலைக்கும் அதிகாரம் தலைவருக்கு.

"நான் வந்தால் இந்தத் தலைவர் பதவியையே ஒழிப்பன்" என்று சொல்லித்தான் கல்யாணசுந்தரம் போட்டியிட்டார். அமோக வெற்றி. செயற்குழுவிலோ எதிரணிக்குப் பெரும்பான்மை. அவர்கள் செயலாளராக்கியது அவருடைய மனைவி சிவமலரை.

சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு வடை என்றார் தலைவர். றோல்ஸ் என்றது குழு.

"குழுவைக் கலைச்சுப்போடுவன்!"

"கலையுங்கோ. பிறகு வீட்டிலை ஆர் சமைக்கிறதெண்டும் யோசியுங்கோ."

றோல்ஸ்தான் வந்தது.

ஒன்றுகூடலில் தலைவருக்கு மாலை போட்டு, மேளம் முழங்க மேடைக்கு அழைத்துப்போய், மங்கள விளக்கை ஏற்றச் சொன்னார்கள். லண்டனுக்கு வந்த நாள் முதல் அவரை யாரும் இப்படி நடத்தியதில்லை. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகுதான் பதவியை ஒழிக்கும் பிரேரணை. மூன்றில் இரண்டு பங்கு கைகள் உயரவேண்டும். ஒரேயொரு கை குறைந்து பிரேரணை தோற்றது. சிவமலர் மேடையைப் பார்த்தாள். தலைவரின் இரண்டு கைகளும் மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வீடு வந்து சேரும்வரை அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"அடுத்தமுறை கட்டாயம் ஒழிக்கிறன்" என்றார்.

"அடுத்தமுறை நான் நிக்கப்போறன்."

"நீர் வந்தால் ஒழிப்பீரோ?"

சிவமலர், அவர் கதிரையில் கழற்றிப் போட்ட மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள்.

"முதல் நான் வரட்டும், பாப்பம்" என்றாள்.