முனிரத்தினம் பாவா பெயரில் பஸ் ஏறாதீர்கள்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். பேச வேண்டாம் என்று என்னை அடக்கி வைத்திருந்த மனிதர் போன மாதம் இறந்துவிட்டார். இனி அவர் சொல் என்னைக் கட்டாது.

அன்று காலை ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "உங்க பாவா எழுந்திருக்கவே இல்லடா" என்றாள். நான் அம்மையார்குப்பம் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெரு அப்படி அடங்கிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

முனிரத்தினம் பாவா என் அக்காவின் கணவர். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விசைத்தறியில் லுங்கி நெய்து, தாமே மூட்டை கட்டி எடுத்துப்போய்ப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் விற்றவர். அப்படிப் போன இடத்தில்தான் வலைக்கட்டைப் பார்த்தார். ஏரி கடலோடு சேரும் இடத்தில் கழிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள். கடல்நீர் ஏறும்போது மீனும் இறாலும் கூடவே உள்ளே வரும். நீர் வடியும்போது திரும்பிப் போக வழியில்லாமல் வலையில் தங்கிவிடும். இன்று ஒரு வீட்டுக்கு, நாளை அடுத்த வீட்டுக்கு என்று முறை வைத்துப் பிடிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு வீட்டின் பாடு வீணானால் மறுபடி வர வெகுநாள் ஆகும்.

பாவாவை இழுத்தது மீன் அல்ல. "தண்ணி வடியறப்ப கரையில ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க மச்சான். தறிச் சத்தத்துலயே பொறந்தவன் நான். சத்தமே இல்லாம ஒரு வேலை நடக்கும்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சிது" என்றார்.

பிறகு அதைக் காட்டுவதற்காக ஆண்டுதோறும் எங்கள் பக்கத்து ஆட்களை முகாமுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். முன்கூட்டியே தனியாகப் போய்க் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்பார். அவர்கள் காட்டும் மணலில்தான் கூடாரம். வேன் பொன்னேரியைத் தாண்டியதும் எழுந்து நிற்பார்.

"கழியைத் தொடக் கூடாது. தண்ணில எறங்கக் கூடாது. பொம்பளைங்க மீன் பிரிக்கிறப்ப போட்டோ எடுக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

"ஆங்" என்பார்கள் எல்லோரும்.

"ஆங் பத்தாது. திருப்பிச் சொல்லுங்க."

திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ஒருவர், "மூச்சாவது உடலாமா முனிரத்தினம்?" என்று கேட்டார். "மெதுவா உடுங்க" என்றார் பாவா. வேனே குலுங்கியது.

அடுத்து, திருத்தணியில் உள்ள ஒரு பண்பாட்டு அமைப்பு இதில் நுழைந்தது. அதன் செயலாளர் மரியாதை, பாரம்பரியம் என்ற சொற்கள் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசாதவர். வேன் போய் பஸ் வந்தது. பாவா அந்த பஸ்ஸிலும் எழுந்து நின்று சொன்னார். பஸ் முழுக்கத் திருப்பிச் சொன்னது. நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

மறுநாள் விடியற்காலை அஞ்சலை என்பவரின் பாடு. கணவரை இழந்தவர். நீர் வடியத் தொடங்கியிருந்தது. பாவா நன்றி சொல்லக் குப்பத்துப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார். செயலாளர் எழுந்தார். "முருகன் ஊர்லேர்ந்து வந்துட்டு சும்மா வேடிக்கை பார்த்துட்டுப் போறதா? ஒரு பூஜை போடலைன்னா இந்த வலைக்கட்டுக்கு என்னங்க மரியாதை?" என்றார். நான் தடுத்தேன். "உனக்கு எதுலதான் பக்தி இருக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். ஒரு கூட்டமே பின்னால் இறங்கியது. கழிகளுக்குச் சாமந்தி மாலை கட்டினார்கள். பால் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினார்கள். கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்து அரோகரா போட்டார்கள். இடுப்பளவு நீரில் நிலை தடுமாறியவர்கள் கழியைப் பிடித்துத் தொங்க, கழி சாய்ந்தது. வலை தளர்ந்தது. அடைபட்டிருந்ததெல்லாம் வடியும் நீரோடு கடலுக்குப் போய்விட்டது.

"என் பாடு போச்சே! சாமி கும்புட்டீங்களா, என் சோத்துல மண்ணைப் போட்டீங்களா?" என்று அஞ்சலை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் அவரிடம் விபூதியை நீட்டி, "அடுத்த தடவை ரெட்டிப்பா கெடைக்கும்மா" என்றார். இதை நான் கண்ணால் பார்த்தேன். சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஓடி வந்த பாவாவிடம் பெரியவர், "நீ இட்டாந்த கூட்டம். நீதான் பதில். இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார். பாவா கைகூப்பி, "ஆங், நான்தான்" என்றார். அதன் பிறகு லுங்கி மூட்டையை வேறு வியாபாரியிடம் கொடுத்தனுப்பினார்.

ஊர் திரும்பி நடந்த கூட்டத்தில் செயலாளர், முனிரத்தினம் எந்த வழிமுறையும் சொல்லித் தரவில்லை என்றார். திருப்பிச் சொன்ன வாய்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. வலைக்கட்டில் காட்டாத மௌனத்தை அன்று காட்டினீர்கள். நான் எழுந்தேன். பாவா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு மச்சான். சாமி பேரைச் சொல்லிச் செஞ்சவங்களை ஜெயிக்க முடியாது. குப்பத்துல என்னைத் தப்பா நெனைக்காம இருந்தா போதும். எங்கயும் இதைப் பேசாதே."

குப்பத்தில் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கடைசிவரை அவர் அறியவில்லை. காரியம் முடிந்த மறுநாள், லுங்கி வியாபாரி மூலம் சேதி கேட்டு அஞ்சலை பஸ் மாறி மாறி அம்மையார்குப்பம் வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவத்துல பெரியவரு சொன்ன வார்த்தைம்மா அது. அன்னிக்கே தீந்துபோச்சு. லுங்கி மட்டும் வருது, மனுசன் வரலையேன்னு நாங்க பார்த்துகினே இருந்தோம்" என்றார். அக்கா அவர் தோளில் சாய்ந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வந்தால் கடைத்தெருவில் பேனர். பாவாவின் படம். 'நினைவுப் பண்பாட்டு முகாம், வரும் ஞாயிறு. வலைக்கட்டுக்குச் சிறப்பு அபிஷேகம்.' செயலாளரிடம் போய், "குப்பத்துல கேட்டீங்களா?" என்றேன்.

"நல்ல காரியத்துக்கு எதுக்குங்க கேக்கணும்?" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள். ஞாயிறன்றும் யாரோ ஒருவரின் பாடுதான். பாவாவின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போய் இன்னொரு வீட்டுப் பிழைப்பைக் கெடுத்தால், அவர் பெயர் அந்தக் கரையில் இரண்டாம் முறை அழியும். இம்முறை கைகூப்பிப் பழியை ஏற்க அவர் இருக்க மாட்டார்.

பாவா, அந்தக் கரையில் உங்கள்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய ஒரே செய்தி நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இதை ஊர் முகநூல் குழுவில், அந்த முகாம் அறிவிப்புக்குக் கீழேயே, பெயரில்லாமல் போடப் போகிறேன். பெயர் போட்டால், "அவனா? அவனுக்கு ஊர்ல யாரைத்தான் புடிக்கும்?" என்று சொல்லிவிட்டு, ஞாயிறன்று பால் பாக்கெட்டோடு கிளம்பிவிடுவீர்கள். என் அக்காவுக்குத் தம்பிகள் நான்கு பேர். நால்வரும் அந்த பஸ்ஸில் வந்தவர்கள், நால்வருக்கும் ஒரே ஜாடை. எழுதியவன் எவன் என்று தேடிக்கொண்டிருங்கள். தேடுகிற மும்முரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்கு அதுவே போதும்.