ஒரகடத்தில் முடி விதைக்கிறார்களாம்

தை மாதம் ஒரு ஞாயிறன்று, என் தங்கை மகள் வனிதாவுக்காக ஒரகடம் போக நேர்ந்தது. கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். நெற்றியோரத்து முடி பின்வாங்கிக்கொண்டே போகிறது. ஒரகடத்தில் ஒரு நிலையம் ஆய்வகத்தில் மயிர்க்கால் வளர்த்து நட்டுத் தருகிறதாம். கல்லூரியில் விலங்கியல் கற்பித்த குற்றத்துக்காக நானும் உடன் அழைக்கப்பட்டேன்.

குன்றத்தூரிலிருந்து காலை எட்டரைக்கு ஆட்டோ. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், நானூற்றைம்பது ரூபாய். படப்பையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் அரை மணி நேரம் நின்றோம். போகுமிடத்தைக் கேட்ட வழுக்கைத்தலை ஓட்டுநர், "அங்க சூப்பரா பண்றாங்கம்மா. நானும் டோக்கன் போட்டுகீறேன்" என்றார். அவர் தலையைப் பார்த்தேன்.

நிலையத்தில் வனிதா ஒரு டப்பாவைத் திறந்தாள். வெள்ளை முனையோடு பிடுங்கிய முடிகள்! விதைக்கென்று பிடுங்கி வரச் சொன்னார்களாம், அதுவும் நெற்றியோரத்திலிருந்து. முடியை முளைக்கச் செய்யும் செல்கள் மயிர்க்காலின் அடியில் ஒரு சிறு மொட்டாக உள்ளன; பிடுங்கும்போது அவை பெரும்பாலும் தோலிலேயே தங்கிவிடும். அவற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் முளைக்கச் செய்யும் திறனை மெல்ல இழக்கின்றன. உருண்டையாகத் திரட்டினால் ஓரளவு மீள்கிறது. எலியின் மயிர்க்காலை ஆய்வகத்தில் வளர்த்திருக்கிறார்கள். மனிதத் தலையில் நடும் சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. எந்தச் செல்லை வளர்க்கிறீர்கள் என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன்.

"எல்லா செல்லும் வளர்ப்போம் மேடம்."

பின்னந்தலையில் ஒரு பட்டை தோல் எடுக்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். நான் வனிதாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

கோளாறு கொண்டையில் இருந்தது. சர்க்யூட் பலகையில் ஒரு முடி விழுந்தாலும் சூப்பர்வைசர் கத்துவார் என்று, வலைத்தொப்பிக்குள் ஷிஃப்ட் முழுவதும் கண் மேலேறும்படி இறுக்கிக் கட்டியிருக்கிறாள். இழுபட்டே இருக்கும் மயிர்க்கால் முதலில் சோர்ந்து மெலிந்த முடி தரும். பிறகு தழும்பாகிச் செத்துப்போகும். கட்டையாக வெட்டிவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டவள், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு விடச் சொன்னாள். ஆறேழு கிலோமீட்டர், காத்திருந்த ஓட்டுநர் கூடுதலாக நூறு கேட்டார்.

எனக்குப் பக்தியும் கிடையாது, பசித்தால் பொறுமையும் கிடையாது. எதற்கு என்றேன்.

"கிராப் வெட்டிகினு போனா வூட்டாண்ட ஆளாளுக்குக் கேப்பாங்க பெரியம்மா. மொட்டைன்னா எந்தக் கோயிலுன்னு மட்டுந்தான் கேப்பாங்க. கொண்டையும் போட வேணாம்."

அறிவியல் சொன்னால் நகராத தலை, முருகன் பெயரில் நாவிதர் முன் தானே குனிந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. சந்தனம் பூசுமுன் வெயிலில் நிறுத்தி நெற்றியோரத்தைப் பார்த்தேன். பெரும்பகுதியில் மயிர்த்துளைகள் தெரிந்தன. இடது காதுக்கு மேல் ஒரு விரலகலம் வழுவழுவென்று துளையின்றி இருந்தது.

"அங்க வருமா?"

அங்கே பெரும்பாலும் வராது, மற்ற இடத்தில் வரலாம், தோல் மருத்துவரைப் பார்த்தால்தான் உறுதி என்றேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, அதுக்கு மேல சந்தனத்த கொஞ்சம் திக்கா பூசு" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறன்று படப்பை வழியைத் தவிருங்கள். தொப்பி போடுகிற வேலையென்றால் முடியைத் தளர்வாகப் பின்னிச் செருகுங்கள். வலித்தால் அன்றே அவிழ்த்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். நெற்றியோரம் பளபளத்த பிறகு ஒரகடத்துக்கு வழி கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.